பாளை சீவுவது போல ஒரு சர்வீஸ்: டேபிள் டென்னிஸில் பந்தைச் சுழலவிடப் பழகும் முறை

மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னல்களைச் சாத்துங்கள். சர்வீஸில் சுழற்சி வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சித்திரை வெயிலில், பாளையங்கோட்டையில், பூட்டிய கூடத்துக்குள் நின்றுகொண்டு இதைக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் காரணம் இருக்கிறது. பந்தின் எடை 2.7 கிராம்தான். விசிறிக் காற்றிலேயே அது விலகிப் போகும். ஆனி, ஆடியில் மேற்கே மலைக் கணவாய்களைத் தாண்டி வந்து கதவுகளை அடித்துச் சாத்தும் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. மட்டை பந்தைத் தொடும் ஓசை உங்கள் காதில் விழ வேண்டும். சர்வீஸில் சுழற்சி ஏறியதா இல்லையா என்பதைக் கண் கண்டுபிடிப்பதற்கு முன்பே காது கண்டுபிடித்துவிடும்.

நான் ஆடத் தொடங்கிய காலத்தில் இரண்டு வருடம் பலத்தை நம்பியே சர்வீஸ் போட்டேன். தோள் வலிக்கும் அளவுக்குக் கையை வீசுவேன். பந்து வேகமாகப் போகும். எதிரில் நிற்பவர் அசையாமல் மட்டையை வைப்பார். போன வேகத்திலேயே திரும்பி வரும். நாங்கள் ஆடிய மனமகிழ் மன்றத்தில் அறுபது வயது கடந்த அண்ணாச்சி ஒருவர் மாலையில் வருவார். திசையன்விளைப் பக்கத்துக்காரர். அவருடைய சர்வீஸ் மெதுவாக, ஏதோ நடந்து வருவது போல வரும். நான் மட்டையை வைத்தால் பந்து நேராக வலைக்குள் போய் விழும். ஒரு வாரம் இப்படியே தோற்றபின் கேட்டேவிட்டேன். அவர் கேட்ட எதிர்க்கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

“தம்பி, பனையேறி பாளை சீவுவதைப் பார்த்திருக்கிறாயா? வெட்டுவது இல்லை, சீவுவது. தடிமனாக வெட்டினால் பாளை நாலு நாளில் தீர்ந்துபோகும். காகிதம் மாதிரிச் சீவினால்தான் பதநீர் வடியும். நீ பந்தை வெட்டிக்கொண்டிருக்கிறாய்.”

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு சொல்லின் விரிவுதான். பத்துப் பதினைந்து பந்துகள் விடாமல் ஆடத் தெரிந்த, ஆனால் சர்வீஸ் இன்னும் வெறும் தொடக்கமாக மட்டும் இருக்கிற புதியவர்களுக்காக எழுதுகிறேன். வலக்கைக்காரர்களை நினைத்து எழுதியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

சுழற்சி எங்கிருந்து வருகிறது

மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த இமைப்பொழுதில் மட்டை பந்தின் நடுவை நோக்கித் தள்ளினால் பந்து பாயும். பந்தின் ஓரத்தை உரசிக்கொண்டு போனால் பந்து சுழலும். கையின் வேகம் ஒன்றுதான். அது பாய்ச்சலாக ஆகிறதா, சுழற்சியாக ஆகிறதா என்பதைத் தொடும் விதம் முடிவு செய்கிறது. பலமாக அடித்தும் சுழற்சி வராதவர்களிடம் பலம் குறைவதில்லை, அந்தப் பலம் முழுவதும் பந்தைத் தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது.

மூன்று விதச் சுழற்சிகள் உண்டு. பந்தின் அடியை முன்னோக்கி உரசினால் பேக்ஸ்பின். பந்து முன்னே போய்க்கொண்டே பின்பக்கமாகச் சுழலும், எதிராளியின் மட்டையில் பட்டதும் கீழே இறங்கும். மேல்நோக்கி உரசினால் டாப்ஸ்பின். மட்டையில் பட்டதும் எம்பும். பக்கவாட்டில் உரசினால் சைடுஸ்பின். காற்றில் வளையும், மட்டையில் பட்டதும் ஒரு பக்கமாக ஓடும். பேக்ஸ்பின்னில் தொடங்குங்கள். அது கைக்கு வந்துவிட்டால் மற்ற இரண்டும் மட்டை போகும் திசையை மாற்றுவது மட்டும்தான்.

மட்டையைப் பாருங்கள்

1952இல் பம்பாயில் நடந்த உலகச் சாம்பியன் போட்டிக்கு ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்தார். அதுவரை எல்லோர் கையிலும் இருந்தது புள்ளி புள்ளியான ரப்பர் மட்டை. பந்து பட்டால் ‘டொக்’ என்று கேட்கும் அது. சாட்டோவின் மட்டையில் ஓசையே எழவில்லை. பந்து எப்படி வரும் என்று யாராலும் கணிக்க முடியவில்லை. ஒற்றையர் பட்டத்தை அவர்தான் எடுத்துச் சென்றார். இந்த ஆட்டத்தில் மட்டையின் மேற்பரப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் நாட்டு மண்ணில்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

உங்களுக்கு விலையுயர்ந்த மட்டை தேவையில்லை. ரப்பரின் மேற்பரப்பு புள்ளிகள் இல்லாமல் சமமாக, பந்தைப் பற்றிக்கொள்வதாக இருந்தால் போதும். பந்தை ரப்பர்மேல் வைத்து லேசாக அழுத்திப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். ரப்பரும் கொஞ்சம் கூடவே இழுபட்டு வந்தால் அந்த மட்டையில் சுழற்சி வரும். கண்ணாடியில் வழுக்குவது போலப் பந்து நழுவினால், முதலில் ஈரத் துணியால் மெல்லத் துடைத்து, காயவிட்டு, மறுபடி பாருங்கள். நம் ஊர்ப் புழுதி ஒரு வாரத்தில் ரப்பரை மூடிவிடும். துடைத்தும் வழுக்கினால் அந்த ரப்பரின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். அதை வைத்துக்கொண்டு உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள்.

ஆடி முடித்ததும் துடைத்து, உறையில் போட்டு வையுங்கள். ஸ்கூட்டர் பெட்டிக்குள் மட்டையை விட்டுவிட்டு வெயிலில் வண்டியை நிறுத்தாதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகி ரப்பரின் ஓரம் கிளம்பிவிடும். தென்காசி, குற்றாலம் பக்கத்தில் சாரல் காலத்தில் ஆடுபவர்களுக்கு வேறொரு தொல்லை. காற்றின் ஈரம் ரப்பரில் படிந்து பந்து வழுக்கும். உலர்ந்த துணி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் உள்ளங்கை வியர்வை பந்துக்கு வந்துவிடும். அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். போட்டியில் ஆறு புள்ளிக்கு ஒருமுறை துண்டால் துடைத்துக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவதே இல்லை.

முதலில் தரை, பிறகு மேசை

பேக்ஸ்பின்னைக் கற்க முதல் வாரம் மேசையே வேண்டாம். வீட்டு முற்றமோ மொட்டை மாடியோ போதும். பந்தின் ஒரு பாதியை மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள். வெள்ளையும் கறுப்பும் தனித்தனியாகத் தெரிந்தால் பந்து சுழலவில்லை. இரண்டும் கலந்து சாம்பல் நிறமானால் சுழல்கிறது.

மட்டையை ஏறக்குறையத் தரைக்கு இணையாக, முகம் வானத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். இடக்கையால் பந்தைத் தலை உயரத்துக்கு எறியுங்கள். அது இடுப்பு உயரத்துக்கு இறங்கும்போது, தோசைக்கல்லில் கரண்டியை தோசைக்கு அடியில் செலுத்துவது போல, மட்டையைப் பந்தின் அடிப்பக்கமாக முன்னோக்கி ஓட்டுங்கள். பந்து ஓர் ஆள் தூரம் முன்னே போய்த் தரையில் விழட்டும். விழுந்த பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். முன்னே ஓடினால் நீங்கள் தள்ளியிருக்கிறீர்கள். நின்ற இடத்தில் துள்ளினால் கொஞ்சம் சீவியிருக்கிறீர்கள். உங்களை நோக்கித் திரும்பி வந்தால் அதுதான் பேக்ஸ்பின்.

வழுவழுப்பான கிரானைட் தரையில் இது சரியாகத் தெரியாது. சிமெண்ட் தரையில் நன்றாகத் தெரியும்.

என்னிடம் பழகும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு மூன்று நாள் பந்து முன்னோக்கியே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ‘டொக்’. நான்காம் நாள் மட்டையை இன்னும் படுக்கையாக்கச் சொன்னேன். பந்தை அடிக்கவே வேண்டாம், அதற்கு அடியில் தூசி இருக்கிறது, அதைத் தட்டிவிடு என்றேன். அடுத்த பந்தில் மட்டை பந்தைத் தொடாமலே போய்விட்டது. அதற்கடுத்த பந்தில் கிழிந்த துணி உரசுவது போல ஒரு சின்ன ஓசை. பந்து விழுந்து, ஒரு கணம் தயங்கி, அவள் காலடிக்குத் திரும்பி வந்தது. குனிந்து அதை எடுக்காமல் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கவனியுங்கள்: சரியான பந்துக்கு முந்தைய பந்து முழுவதும் தவறிப்போன பந்து. மெல்லியதாகத் தொட முயல்கிறவருக்குப் பந்து தவறத்தான் செய்யும். ஒரு நாள் பயிற்சியில் ஒரு பந்துகூடத் தவறவில்லை என்றால் நீங்கள் இன்னும் தடிமனாகவே தொடுகிறீர்கள்.

பிடியைத் தளர்த்துங்கள்

மற்ற அடிகளுக்குக் கைகுலுக்குவது போல மட்டையைப் பிடிப்போம். சர்வீஸுக்கு அந்தப் பிடி மணிக்கட்டைக் கட்டிவைத்துவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டையின் இரு முகங்களையும் கிள்ளிப் பிடிக்கட்டும். மற்ற மூன்று விரல்களையும் கைப்பிடியிலிருந்து எடுத்து மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது மணிக்கட்டை ஆட்டிப் பாருங்கள். முன்பு அசைந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக அசையும்.

தளர்வாகப் பிடித்தால் மட்டை பறந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குப் பம்பரத்தை நினைவுபடுத்துகிறேன். கையை இறுக்கிக்கொண்டு பம்பரம் விட்டவன் யாரும் இல்லை. கை தளர்ந்திருக்கும்; சாட்டையைச் சுண்டி இழுக்கும் அந்த ஒரு கணம் மட்டும் இறுகும். சர்வீஸும் அப்படித்தான். மட்டை பந்தை நெருங்கும்வரை விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். தொடும் கணத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இறுகிச் சுண்ட வேண்டும். தொட்ட பிறகு கையை நீளமாக வீசிக்கொண்டு போக வேண்டியதில்லை. உச்ச வேகம் தொடும் கணத்தில் இருந்தால் போதும்.

பந்தை எறியும் விதியும் முறையும்

விதி தெளிவானது. பந்து விரித்த உள்ளங்கையில் அசையாமல் இருக்க வேண்டும். கையை விட்டபின் குறைந்தது 16 சென்டிமீட்டர் ஏறக்குறைய நேராக மேலே எழ வேண்டும். இறங்கும்போதுதான் அடிக்கலாம். எறிந்ததிலிருந்து அடிக்கும்வரை பந்து மேசை மட்டத்துக்கு மேலும், உங்கள் பக்க மேசை விளிம்புக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். எதிராளியின் கண்ணிலிருந்து உடலாலோ கையாலோ அதை மறைக்கக் கூடாது. எறிந்த கையை உடனே விலக்கிவிட வேண்டும். 2002க்கு முன்பு உடலால் மறைத்துப் போடுவது வழக்கமாக இருந்தது, அதன் பிறகு அதற்கு இடமில்லை. பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்த்துப் பழகுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். இன்னொன்றும் உண்டு: 2000க்கு முன் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டர், இப்போது 40. பெரிய பந்து காற்றில் வேகமாகத் தளரும், சுழற்சியும் குறையும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் பந்து வளைந்த அளவுக்கு உங்கள் பந்து வளையவில்லையே என்று மனம் தளர வேண்டாம்.

கழுத்து உயரத்துக்கு எறிந்து தொடங்குங்கள். உயர எறிந்தால் சுழற்சி கூடும் என்று பலர் தலைக்கு மேலே எறிகிறார்கள். பந்து இறங்கும் வேகம் சுழற்சிக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் வேகமாக இறங்கும் பந்தின் ஓரத்தை மெல்லியதாகத் தொடுவது மிகவும் கடினம். ஒரே உயரத்துக்கு, ஒரே இடத்தில், பத்துக்குப் பத்து முறை எறிய முடிகிறதா என்று முதலில் பாருங்கள். எறிந்த பந்தை அடிக்காமல் விட்டு, மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் பின்னால் ஒரே இடத்தில் விழுகிறதா என்று சரிபார்க்கலாம். சலிப்பான பயிற்சிதான். ஆனாலும் எறிதல் நிலைப்படாத கையில் மற்ற எதுவும் நிற்காது.

எந்த இடத்தில் சீவுவது

இப்போது மேசைக்கு வருவோம். உங்கள் இடப்பக்க மூலையில், இடக்கால் முன்னால் இருக்க, இடத்தோள் மேசையைப் பார்க்க நில்லுங்கள். முழங்கையை உடலுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். மட்டை நெஞ்சு உயரத்திலிருந்து முன்னும் கீழுமாக இறங்கட்டும்.

மட்டையில் எந்த இடம்? கைப்பிடியிலிருந்து தூரமான நுனிப் பகுதி. மணிக்கட்டு சுழலும்போது கைப்பிடி அருகே உள்ள ரப்பர் மெதுவாக நகரும், நுனி வேகமாக நகரும். சக்கரத்தின் அச்சும் விளிம்பும் போல. ஒரே முயற்சிக்கு நுனியில் பட்ட பந்து அதிகம் சுழலும். எங்கே படுகிறது என்று தெரியவில்லையா? பந்தில் கொஞ்சம் சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தடவிச் சர்வீஸ் போட்டுப் பாருங்கள். ரப்பரில் விழும் வெள்ளைத் தடமே பதில் சொல்லும். நடுவில் வட்டப் புள்ளியாக இருந்தால் அடித்திருக்கிறீர்கள். நுனிப்பக்கம் கோடாக இழுபட்டிருந்தால் சீவியிருக்கிறீர்கள். பார்த்து முடித்ததும் ரப்பரை நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

பந்தில் எந்த இடம்? அடியும் பின்பக்கமும் சேரும் இடம். மிகவும் அடியில் தொட்டால் பந்து முன்னே போகாமல் எம்பிவிடும். மிகவும் பின்னால் தொட்டால் வேகமாகப் பாய்ந்து மேசையைத் தாண்டும். சரியான இடம் ஒவ்வொருவர் கைக்கும் சற்றே வேறுபடும். அதை நூறு பந்துகளில் உங்கள் கையே கண்டுபிடிக்கும்.

எந்த உயரத்தில்? வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர். மேசை மட்டத்திலிருந்து அந்த உயரத்துக்குள் பந்து இறங்கும்வரை காத்திருங்கள். நான் திருத்தும் தவறுகளில் இதுதான் அதிகம். கண் முன்னே பந்து வந்ததும் கை பொறுக்காமல் போய்விடுகிறது. நெஞ்சு உயரத்தில் தொட்ட பந்து மேசையில் குத்தி உயரமாக எழும்பும். எவ்வளவு சுழன்றாலும் எதிராளிக்கு அது பரிசு.

காதையும் மறக்க வேண்டாம். ‘டொக்’ என்றால் மரம் வரை அடி இறங்கியிருக்கிறது. ‘சர்க்’ என்று ஒரு உரசல் கேட்டால் ரப்பர் மட்டும் வேலை செய்திருக்கிறது. அடுத்த மேசையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தால் இந்த வித்தியாசம் காதில் விழாது. அதனால்தான் கூட்டம் சேருவதற்கு முன்னால், காலையிலேயே வந்து பழகச் சொல்கிறேன்.

பந்து வலையை நோக்கித் திரும்பட்டும்

பேக்ஸ்பின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிய எதிரில் ஆளே வேண்டாம். சர்வீஸ் போட்டுவிட்டு அந்தப் பக்கம் பந்தை விட்டுவிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு முறை குத்தி மேசையைத் தாண்டி ஓடினால் சுழற்சி குறைவு. இரண்டு மூன்று முறை குத்தி மேசையிலேயே தயங்கினால் நல்ல முன்னேற்றம். குத்தி, நின்று, வலையை நோக்கித் திரும்பி உருண்டால் கனமான பேக்ஸ்பின். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சீனாவின் மா லின் இந்தச் சர்வீஸுக்குப் பெயர் போனவர்; அவர் போட்ட பந்து எதிராளி பக்கம் விழுந்து வலைக்கே திரும்பி வரும். ‘பேய் சர்வீஸ்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்தச் சோதனையில் ஓர் எச்சரிக்கை. பந்து திரும்பி வர வேண்டும் என்பதற்காகப் பழகும்போது அதை மெதுவாகவும் கொஞ்சம் உயரமாகவும் விட வேண்டியிருக்கும். ஆட்டத்தில் அப்படி விட்டால் எதிராளி அடித்து நொறுக்கிவிடுவார். ஆகவே முதலில் திரும்பி வரும் அளவுக்குச் சுழற்சியைக் கொண்டுவாருங்கள். அது பத்தில் ஐந்து முறையாவது வந்த பிறகு, அதே சீவலை வைத்துக்கொண்டு உயரத்தைக் குறையுங்கள். தாழ்வான பந்து திரும்பி வராமல் போகலாம், அதனால் பரவாயில்லை. வலைக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் போய், அந்தப் பக்கம் இரண்டு முறை குத்தக்கூடிய நீளத்தில் விழுந்தால் ஆட்டத்துக்கு அதுவே சிறந்த சர்வீஸ். நீளத்தைத் தீர்மானிப்பது முதல் குத்து. உங்கள் பக்க மேசையின் நடுப்பகுதியிலோ அதைவிட வலைக்குச் சற்று நெருங்கியோ குத்தினால் சர்வீஸ் குட்டையாக விழும். உங்கள் விளிம்பருகே குத்தினால் நீளமாகப் போகும்.

சைடுஸ்பின்

பேக்ஸ்பின் வந்தவர்களுக்கு இது அதே கை, வேறு பாதை. முன்னே போகும் மட்டையை வலமிருந்து இடமாக, கடிகார ஊசல் ஆடுவது போல, உங்கள் வயிற்றை நோக்கி ஆடவிடுங்கள். பந்தின் பின்பக்கத்தை இடப்பக்கமாக உரசிப் போகட்டும். பந்து காற்றில் உங்கள் வலப்பக்கமாக வளையும். அதாவது வலக்கை எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கம், அவருடைய இடப்பக்கம். அவர் மட்டையை நேராக வைத்தால் பந்து அவருடைய வலப்பக்கமாக, உங்களுடைய இடப்பக்கமாக ஓடும். நீங்கள் இடது மூலையில்தான் நிற்கிறீர்கள் என்பதால் அது உங்கள் கைக்கே வந்து சேரும். பலரும் ஊசல் சர்வீஸை அந்த மூலையிலிருந்து போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தனிச் சைடுஸ்பின்னைவிட, அடியையும் பக்கத்தையும் சேர்த்துச் சாய்வாகச் சீவும் கலப்புச் சுழற்சியைத்தான் நான் பரிந்துரைப்பேன். பந்து பக்கவாட்டிலும் ஓடும், கீழேயும் இறங்கும். எதிராளி இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். டாப்ஸ்பின் சர்வீஸ் இப்போதைக்குக் காத்திருக்கட்டும்.

சுழலாத பந்தும் தேவை

சுழற்சியைக் கற்றவுடன் எல்லாப் பந்தையும் சுழலவிடத் தோன்றும். மூன்றாவது சர்வீஸிலேயே எதிராளி பழகிவிடுவார். மட்டையைக் கொஞ்சம் திறந்து, அதாவது முகத்தை மேல்நோக்கிச் சாய்த்து, பந்தைத் தூக்கிவிடுவார். அப்போது அதே நிற்பு, அதே எறிதல், அதே வீச்சு, ஆனால் பந்தை நுனிக்குப் பதிலாகக் கைப்பிடியருகே பட விடுங்கள். மணிக்கட்டைச் சுண்ட வேண்டாம். பந்து ஏறக்குறையச் சுழலாமல் போகும். பேக்ஸ்பின் என்று நினைத்து மட்டையைத் திறந்து தூக்குகிறவருக்குப் பந்து உயரமாக எம்பும். அதை நீங்கள் அடிக்கலாம். என் அனுபவத்தில் கனமான பேக்ஸ்பின் நேராகப் பெற்றுத்தரும் புள்ளிகளைவிட, அதைக் கண்டு பயந்தவர் சுழலாத பந்தில் விட்டுக்கொடுக்கும் புள்ளிகள் அதிகம். ஆனால் முதலில் அந்தப் பயம் வர வேண்டும். அதற்குச் சுழற்சி உண்மையாகவே கனமாக இருக்க வேண்டும்.

எப்படிப் பழகுவது

ஒரு வாளியில் முப்பது பந்துகள் இருந்தால் நல்லது. பத்துப் பந்துகள் இருந்தாலும் போதும். பொறுக்கிக்கொண்டு வரும் நேரம் தோளுக்கு ஓய்வு. தினமும் இருபது நிமிடம் சர்வீஸ் மட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து மூன்று மணி நேரம் போடுவதால் பயன் இல்லை. பனையேறியும் காலை, மாலை என்று நாள்தோறும் ஏறித்தான் சீவுகிறார், ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். முதல் பத்துப் பந்துகளில் மேசையில் விழுவதைப் பற்றிக் கவலைப்படாமல் சுழற்சியை மட்டும் பாருங்கள். வலையில் விழட்டும், வெளியே போகட்டும். அடுத்த பத்தில் உயரத்தை மட்டும். அதற்கடுத்த பத்தில் விழும் இடத்தை மட்டும். எதிர்ப்பக்க மேசையில் ஒரு தாளைப் போட்டு அதைக் குறிவையுங்கள். மூன்றையும் ஒரே பந்தில் கவனிக்க முயன்றால் கை மறுபடி பழையபடி பந்தைப் பத்திரமாகத் தள்ளத் தொடங்கிவிடும்.

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தேக்கம் வரும். பந்து ஒரு நாள் சுழலும், மறுநாள் சுழலாது. பெரும்பாலும் பிடி தெரியாமலே இறுகியிருக்கும். மட்டையை மேசையில் வைத்துவிட்டு, கையை உதறி, மூன்று விரல்களை எடுத்துவிட்டுப் பிடியுங்கள். அதிலும் வரவில்லையென்றால் ரப்பரைத் துடையுங்கள். அதன் பிறகும் வரவில்லையென்றால் மேசையை விட்டு விலகி, தரைப் பயிற்சிக்குத் திரும்புங்கள். நான் இன்றும் மாதம் ஒருமுறை அப்படித் திரும்புகிறேன்.

எதிரில் ஆளை வைத்து ஆடும்போது, சர்வீஸோடு வேலை முடிந்தது என்று நிற்காதீர்கள். பேக்ஸ்பின் சர்வீஸுக்குப் பெரும்பாலும் பேக்ஸ்பின் கலந்த புஷ்தான், அதாவது பந்தின் அடியை உரசி மெல்லத் தள்ளிவிடும் அடிதான், திரும்பி வரும். உங்கள் அடுத்த அடி அந்தப் பந்தைக் கீழிருந்து தூக்கி எடுப்பதாக இருக்க வேண்டும். சர்வீஸ் போட்ட கணமே பிடியை மாற்றி, கைப்பிடியை முழுக் கையால் பற்றிக்கொண்டு, இரு கால்களும் மேசையைப் பார்க்கும்படி திரும்பி நிற்கப் பழகுங்கள். மூன்று விரல்களை மடக்கிய பிடியோடு அடுத்த பந்தைச் சந்தித்தால் மட்டை கையில் திரும்பிவிடும். இந்தப் பிடி மாற்றத்தையும் பந்து இல்லாமல் நூறு முறை செய்து பாருங்கள்.

பள்ளி, கல்லூரிப் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நண்பர் ஒருவரை நடுவர் உட்காரும் இடத்தில், வலைக்கு நேராக நிற்கவைத்து, உங்கள் இருபது சர்வீஸ்களைக் கைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். உள்ளங்கை விரிந்திருந்ததா, பந்து 16 சென்டிமீட்டர் எழுந்ததா, எறிந்த கை விலகியதா, மேசை விளிம்புக்குப் பின்னால் அடித்தீர்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடுத்து அதே பதிவைத் திரையைப் பார்க்காமல் ஓசையை மட்டும் கேளுங்கள். இருபதில் எத்தனை ‘டொக்’ என்று எண்ணி, நோட்டில் தேதியோடு எழுதிவைத்து, மறுநாள் காலை அங்கிருந்து தொடங்குங்கள்.